தறிச் சத்தத்துக்கு மேலே ஒரு பாட்டு

எங்கள் வீட்டில் ரகசியம் என்று ஒன்று இருந்ததில்லை. இருக்க வழியும் இல்லை. அப்பாவுக்குக் காது மந்தம், அம்மாவுக்குக் குரல் மெலிசு, நடுவில் நான் ஒருத்தி. அம்மா அடுப்படியில் இருந்து, "சீனி தீந்துட்டு" என்பாள். அப்பா என் பக்கம் திரும்பி, "என்னவாம்?" என்பார். "சீனி தீந்துட்டாம்ப்பா" என்று நான் சொன்னால் மூன்றாவது வீட்டுக்காரி சீனிக் கிண்ணத்தோடு வந்து நிற்பாள். அவர்கள் சண்டை போடுவதற்கும் நான் வேண்டும். அம்மா சொன்னதில் பாதியை விழுங்கிவிட்டு மீதியைத்தான் அப்பாவிடம் சேர்ப்பேன். முழுசாகச் சேர்த்திருந்தால் அந்தக் குடும்பம் என்றைக்கோ இரண்டாகியிருக்கும்.

அப்பா பவர்லூம் ஓட்டினார். சங்கரன்கோவிலில் அன்றைக்குப் பாதித் தெருக்களில் பகலும் ராத்திரியும் அந்தச் சத்தம்தான். தறி ஓடும்போது பக்கத்தில் நிற்கிறவனிடம்கூட வாயால் பேச முடியாது. எல்லாம் கை ஜாடைதான். நூல் அறுந்தால் ஒரு ஜாடை, முதலாளி வருகிறார் என்றால் ஒரு ஜாடை, டீ குடிக்கப் போவோமா என்பதற்கு ஒன்று. வாலிப வயசிலிருந்து அதற்குள் நின்ற மனுஷனுக்குக் காது எப்படி மிஞ்சும்? ஆனால் காது போய்விட்டது என்று மட்டும் அவர் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. "நீங்க எல்லாரும் வாய்க்குள்ளயே பேசுதிய, நான் என்ன செய்ய?" என்பார்.

அப்படி ஒரு வீட்டில் வளர்ந்த பெண்ணுக்குத் தொண்டை எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தொண்டையைத்தான் ஊரில் இருந்த மெல்லிசைக் குழு கேட்டு வாங்கிக்கொண்டது. மெல்லிசை என்ற சொல்லுக்கும் எனக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை, அது வேறு விஷயம்.

குழு தொடங்கியது எழுபதுகளின் கடைசியில். தொடங்கியவர் தாலுகா ஆபீஸில் கிளார்க். பாளையங்கோட்டையில் காலேஜ் படித்தபோது ஹாஸ்டலில் கிடார் கற்றுக்கொண்டு வந்தவர். எல்லாருக்கும் அவர் கிடார் அண்ணாச்சி. டிரம்ஸ் அடித்தது என் சித்தப்பா மகன். அவனுக்கும் என் வயசுதான், அப்பா வேலை பார்த்த தறி ஷெட்டிலேயே அவனும் தறி ஓட்டினான். மற்ற வாத்தியங்களுக்கு ஆட்கள் வருவார்கள், போவார்கள். நிலையாக இருந்தது நாங்கள் மூன்று பேர்தான்.

ஒத்திகைக்கு இடம் கிடைப்பது பெரும்பாடாக இருந்தது. டிரம்ஸில் ஒரு தட்டுத் தட்டினால் தெருவே வாசலில் வந்து நிற்கும். கடைசியில் தறி ஷெட்டை ஒட்டியிருந்த நூல் குடோனில் ஒரு மூலையை முதலாளி விட்டுக்கொடுத்தார். அங்கே நாங்கள் என்ன கூத்தடித்தாலும் யாரும் குறை சொல்ல முடியாது. சுவருக்கு அந்தப் பக்கம் தறிகள் அதைவிடப் பெரிய கூத்து அடித்துக்கொண்டிருந்தன. சித்தப்பா மகன் தாளத்தைத் தறியிலிருந்தே எடுத்துக்கொள்வான். நான் அந்தச் சத்தத்துக்கு மேலே ஏறிப் பாடுவேன். கரண்ட் போனால் தறி நிற்கும், கிடார் நிற்கும், என் குரல் மட்டும் தன்னந்தனியாகத் தெருக்கோடி வரை போகும். வெட்கமாகிப் போய் வாயை மூடிக்கொள்வேன். மேடையில் ஜெனரேட்டரும் கூட்டமும் போடுகிற இரைச்சல் அந்தக் குறையைத் தீர்த்துவிடும். மொத்தத்தில், சுற்றிலும் சத்தமே இல்லாவிட்டால் எங்கள் பாட்டு எப்படி இருக்கும் என்று எங்களில் ஒருத்தருக்கும் தெரியாது.

பெண்பிள்ளை மேடையேறிப் பாடுகிறாளே என்று சொந்தக்காரர்கள் வாய் சும்மா இருக்கவில்லை. அப்பா காதில் அது விழவில்லை. நிஜமாகவே விழவில்லை. கோயில் கொடைத் திருவிழாவானாலும் கல்யாண வீடானாலும் என்னோடு வந்து ஸ்பீக்கர் பாக்ஸுக்கு அடியில் முதல் ஆளாக உட்கார்ந்துகொள்வார். மகளுக்குக் காவல் என்று பார்க்கிறவர்கள் நினைத்தார்கள். அங்கே உட்கார்ந்தால்தான் அவருக்குக் கேட்கும் என்பது எனக்குத் தெரியும். முடிந்து வரும்போது, "எப்படிப்பா இருந்துச்சு?" என்று கேட்பேன். "கேட்டுச்சு" என்பார். அவருடைய விமர்சனம் அவ்வளவுதான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு நாளாவது நன்றாக இருந்தது என்று சொன்னால் என்ன குறைந்துவிடும் இந்த மனுஷனுக்கு?

சொந்தமாகப் பாட்டுக் கட்டிக் கேசட் போடும் ஆசை அண்ணாச்சியை வெகுநாளாகப் பிடித்திருந்தது போல. எங்களிடம் சொன்னதில்லை. ஒருமுறை இளையரசனேந்தல் பக்கம் ஒரு கொடையில், ஏற்கெனவே பாடிய சினிமாப் பாட்டையே திரும்பவும் திரும்பவும் பாடச் சொல்லி விசில் அடித்தார்கள். பாடினோம். அடுத்த ஒத்திகைக்கு அண்ணாச்சி ஒரு கட்டுக் காகிதத்தோடு வந்து, "இனி நம்ம பாட்டு" என்றார்.

"படம் இல்லாத பாட்டை எவன் கேப்பான்?" என்றான் சித்தப்பா மகன்.

"நீ கேப்பேல்லா?"

"அடிக்கப் போறவனே நான்தானே அண்ணாச்சி. கேக்காம எங்கன போவேன்?"

பாட்டுகளைப் படித்துப் பார்த்ததும் அவன் கிண்டல் நின்றுவிட்டது. மழைக்கு விதையைத் தூக்கி வைத்துக்கொண்டு வானத்தைப் பார்க்கிற குருவிகுளத்துச் சம்சாரி ஒரு பாட்டில் வந்தார். இருட்டோடு பிச்சிப்பூ பறிக்கப் போகிற பெண்கள் ஒரு பாட்டில் வந்தார்கள். எனக்குப் பிடித்தது ஷிப்ட் பாட்டு. புருஷனுக்கு ராத்திரி ஷிப்ட், பெண்டாட்டிக்குப் பகல் ஷிப்ட். அவன் திரும்பி வருகிற நேரத்தில் இவள் கிளம்பிப் போகிறாள். தெருமுக்கில் இரண்டு பேரும் எதிரெதிரே வருகிற அந்தக் கொஞ்ச நேரம்தான் அவர்களுடைய குடித்தனம். சாவி கைமாறும், தூக்குச்சட்டி கைமாறும், பிள்ளைக்கு ஜுரம் விட்டுவிட்டது என்ற தகவல் கைமாறும். அதைப் பாடும்போதெல்லாம் எனக்கு அழுகை முட்டும். அழுகை முட்டினாலும் சத்தம் மட்டும் குறையாது.

மதுரையில் ஒரு மாடியில் ஸ்டுடியோ. டிரம்ஸை பஸ் மேலே கட்டிக்கொண்டு போனோம். சுவர் முழுக்கக் கயிற்றுப்பாய் அடித்த அறை. கதவைச் சாத்தினார்கள், உலகமே நின்றுவிட்டது. பக்கத்தில் இருப்பவர் எச்சில் முழுங்குவது கேட்டது. அப்படி ஒரு அமைதிக்குள் நான் அதுவரை நின்றதே இல்லை. சித்தப்பா மகன் அடிக்கத் தொடங்கினான். ஒரு வரி ஓடுகிறது, அடுத்த வரி நொண்டுகிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரெக்கார்டிங்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"தறி இல்லாம எனக்கு ஓட்டம் பிடிபடலை அண்ணாச்சி" என்றான் அவன். அழுதுவிடுவான் போல இருந்தது.

என் கதை அதைவிட மோசம். ரெக்கார்டிங்காரர் என்னை மைக்கை விட்டுக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார். பிறகு இன்னும் கொஞ்சம். தள்ளித் தள்ளிக் கடைசியில் கதவில் முதுகு முட்ட நின்றேன். அப்போதும் அவர் மீட்டர் முள்ளைப் பார்த்து உச்சுக்கொட்டினார். "ஏம்மா, மைக்குக்குக் காது நல்லாவே கேக்கும்" என்றார். அண்ணாச்சி சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மெதுவாகப் பாடிப் பார்த்தேன். இரண்டாவது வரியே மறந்துவிட்டது. யாருக்கும் கேட்கக் கூடாது என்று பாடுகிற மாதிரி இருந்தது. அப்படிப் பாடுவதற்கு எதற்குப் பாட வேண்டும்?

அன்றைக்குக் கைகொடுத்தது தறிக்காரர்களின் ஜாடைதான். நூலைத் தூக்கிக்கொண்டு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடுகிற நாடாவைக் காட்ட, உள்ளங்கையை இப்படியும் அப்படியும் வீசுவார்கள். கதவடியில் நின்றபடி நான் சித்தப்பா மகனைப் பார்த்துக் கையை வீசினேன். அவன் என் கையை விட்டுக் கண்ணை எடுக்காமல் அடித்தான். தாளம் வழிக்கு வந்தது. அந்தக் கேசட் முழுவதும் நான் கையை வீசிக்கொண்டே பாடியதுதான். ஊருக்குத் திரும்பும்போது தோள்பட்டை கழன்றுபோன மாதிரி வலித்தது. ஆனால் அவ்வளவு சந்தோஷமாக நான் பஸ்ஸில் போனதில்லை.

கேசட் வந்தது. ஊர் அதைக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டது. "இது எந்தப் படம்?" படம் இல்லை, நாங்களே போட்டது என்றால் ஏமாற்றிவிட்ட மாதிரிப் பார்ப்பார்கள். கல்யாண வீட்டில் மைக்செட்காரர் ஒருவர் போட்டார். பெண்ணுக்குத் தகப்பனார், "தெரிஞ்ச பாட்டாப் போடும் வே" என்று நிறுத்திவிட்டார். வாசுதேவநல்லூர் போகிற பஸ் டிரைவர் ஒருவர் மட்டும் தினமும் போட்டார். இந்தப் பிள்ளை பாடினால் தூக்கம் அண்டாது என்று சொன்னாராம். பாராட்டு என்றே நான் எடுத்துக்கொண்டேன். அப்பா டேப் ரெக்கார்டரை முழுச் சத்தத்தில் வைத்து, ஸ்பீக்கரில் காதை ஒட்டிக்கொண்டு இரண்டு பக்கத்தையும் கேட்டார். "கேட்டுச்சு" என்றார்.

அண்ணாச்சிக்கு ஊரின் தீர்ப்பு போதவில்லை. சென்னையில் இருந்து வருகிற பத்திரிகைகளுக்கெல்லாம் கேசட்டை அனுப்பி வைத்தார். பல மாதம் மூச்சுப்பேச்சில்லை. பிறகு ஒரு மாதப் பத்திரிகையில், கடைசிப் பக்கங்களில் ஒரு மூலையில் எங்களைப் பற்றி எழுதியிருந்தார்கள். சித்தப்பா மகன்தான் பஸ் ஸ்டாண்டுக் கடையில் வாங்கிக்கொண்டு ஓடி வந்தான். பாட்டுகளை வாயாரப் புகழ்ந்திருந்தது. சினிமாவின் நிழல் விழாத பாட்டுகளாம். தாளத்தில் ஏதோ இயந்திரம் மூச்சு விடுகிறதாம். இவன் தலைகால் புரியாமல் நின்றான். அதற்குக் கீழே என்னைப் பற்றி இருந்தது. பாடகி பாடவில்லை, கத்துகிறார் என்று எழுதியிருந்தார்கள். இத்தனை நல்ல பாட்டுகள் ஒரு மென்மையான குரலுக்குக் காத்திருக்கின்றன என்று முடித்திருந்தார்கள்.

முதலில் சிரித்தேன். அந்த ஆள் எங்கள் வீட்டில் ஒரு நாள் வந்து இருந்து பார்க்கட்டும் என்றேன். சித்தப்பா மகன், "விடுட்டி, அவன் கெடக்கான்" என்றான். சாயங்காலம் வரைக்கும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். அப்புறம் அம்மா சொன்ன எதையோ அப்பாவிடம் சொல்ல வாயைத் திறந்தேன், குரல் வரவில்லை. கூச்சமாக இருந்தது. பிறந்ததிலிருந்து முதல் தடவையாக என் சத்தம் எனக்கே கேட்டது.

அந்தப் பத்திரிகையைப் படித்துவிட்டு மதுரையில் கேசட் போடுகிற கம்பெனி ஒன்று அண்ணாச்சியைக் கூப்பிட்டு அனுப்பியது. அவர் போய் வந்தார். போய் வந்தது எங்களுக்குத் தெரியும், ஆனாலும் அவர் ஒத்திகைக்கு வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்கு வந்தார். அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார், அம்மா தரையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். அண்ணாச்சி நாற்காலி நுனியில் உட்கார்ந்து, எங்கள் யாரையும் பார்க்காமல் பேசினார்.

"தங்கச்சி, அதே பாட்டு, அதே மியூசிக். ஊரெல்லாம் கொண்டுபோய் விப்பாங்களாம். குரல் மட்டும் வேற போடணும்ங்காங்க. மதுரையில ஒரு பிள்ளை இருக்கு. நான் இன்னும் சரின்னு சொல்லலை."

அம்மாவின் கை நின்றுவிட்டது. அப்பா என்னைப் பார்த்தார்.

"என்னவாம்?"

இந்தச் செய்தியையும் நான்தான் எடுத்துச் சொல்ல வேண்டுமாக்கும் என்று கோபம் தலைக்கு ஏறியது. அந்த ஒரு தடவை நான் பாதியை விழுங்கவில்லை. முழுசாகவே சொன்னேன். "நான் கத்துதேனாம்ப்பா. அதனால என்னை எடுத்துட்டு, மெதுவாப் பாடுத பிள்ளையைப் போடணுமாம்" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரிக் கத்தினேன். கத்துகிறேன் என்பதைக் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டில் பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றது.

அப்பாவுக்குக் கோபம் வரவில்லை. அண்ணாச்சியைப் பார்த்து, சின்னப் பிள்ளை கேட்கிற மாதிரிக் கேட்டார். "அந்தப் பிள்ளை பாடினா எனக்குக் கேக்குமா?"

அண்ணாச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. "கேக்காது பெரியப்பா" என்றார். அவருக்கு எப்போதும் சின்னக் குரல்தான்.

"என்னவாம்?" என்றார் அப்பா என்னிடம்.

நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். வருஷக்கணக்காக அடுத்தவர்களுடைய பாட்டையே வாசித்துக்கொண்டிருந்தவர். ஆபீஸ் விட்டு வந்து, விளக்கடியில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகக் கட்டியவர். கேட்காது என்று நான் சொன்னால் அப்பா வேண்டாம் என்பார். அப்பா வேண்டாம் என்றால் இந்த மனுஷன் எழுந்து போய்க் கம்பெனிக்காரர்களிடம் முடியாது என்று சொல்லிவிடுவார். அதற்குத்தான் வந்திருக்கிறார் என்றே தோன்றியது. பிறகு அந்தப் பாட்டுகள் வாசுதேவநல்லூர் பஸ்ஸைத் தாண்டிப் போகாது. ஷிப்ட் பாட்டை நாலு ஊர் கேட்க வேண்டாமா? என் கோபமெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. எனக்கு அவர் மேல் அவ்வளவு பிரியமாக இருந்தது.

"கேக்கும்ங்காவப்பா" என்றேன்.

"அப்பச் சரி" என்றார் அப்பா.

அண்ணாச்சி என்னை நிமிர்ந்து பார்த்தார். அம்மா கொடுத்த காப்பியைக் குடிக்காமல் போய்விட்டார். அவர் தெருமுனை திரும்பியதும் அழுதேன். சத்தமாகத்தான் அழுதேன். எனக்கு வேறு எப்படி அழத் தெரியும்? அப்பாவுக்கு அதுவும் கேட்டிருக்கும். பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.

புதுக் கேசட் வந்தபோது பத்திரிகைகள் ஒன்றுக்கு மூன்றாக எழுதின. குரலையும் பாட்டையும் பிரித்துப் பார்க்க முடியவில்லை என்று ஒன்று எழுதியது. அதை அண்ணாச்சி எங்களிடம் காட்டவில்லை, சித்தப்பா மகன்தான் எங்கிருந்தோ பார்த்துவிட்டு வந்து சொன்னான். ஆனால் கேசட்டை அண்ணாச்சியே வீட்டுக்குக் கொண்டு வந்தார். "பெரியப்பா முதல்ல கேக்கணும்" என்றார். அவரே டேப் ரெக்கார்டரை எடுத்து வைத்து ஷிப்ட் பாட்டைப் போட்டார்.

நல்ல குரல். பொய் சொல்லக் கூடாது. தொட்டால் கசங்கிவிடும் போல இருந்தது. அந்தப் பெண் சாவியைக் கைமாற்றும் இடத்தில் எனக்கே மேலெல்லாம் சிலிர்த்தது. நான் பாடியபோது அந்த இடம் அப்படி இருந்ததில்லை.

அப்பா ஸ்பீக்கரில் காதை ஒட்டி, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கொட்டு கேக்கு" என்றார். "பாட்டு எப்ப வரும்?"

அண்ணாச்சி சத்தத்தைக் கூட்டினார். டிரம்ஸில் ஜன்னல் கம்பி அதிர்ந்தது. அப்பா கண்ணைத் திறக்காமலே காத்துக்கொண்டிருந்தார். "இன்னும் ஆரம்பிக்கலையே" என்றார் கொஞ்சம் பொறுத்து. அண்ணாச்சி திருகியைக் கடைசிவரை திருகிவிட்டார், அதற்கு மேல் திரும்பவில்லை. அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

அம்மா என் முழங்கையைத் தொட்டாள். "நீ பாடுட்டி" என்றாள். அவள் சொன்னது எனக்கு மட்டும்தான் கேட்டது.

கேட்கும் என்று சொன்னவள் நான்தானே. அப்பாவுக்குப் பின்னால் போய் நின்று, அந்தப் பெண்ணின் குரலோடு சேர்த்துப் பாடத் தொடங்கினேன். அவள் நிறுத்துகிற இடத்தில் நிறுத்தினேன், இழுக்கிற இடத்தில் இழுத்தேன். சத்தத்தை மட்டும் குறைக்கவில்லை. அப்பாவின் முகம் மலர்ந்தது. "ஆங், வந்துட்டு" என்றார். தலை ஆடத் தொடங்கியது. மூடிய கண் மூடியபடியே இருந்தது.

பாட்டு முடிந்ததும் அண்ணாச்சி டேப்பை நிறுத்தினார். அப்பா கண்ணைத் திறந்து, திரும்பி என்னைப் பார்த்தார்.

"நல்லாப் பாடுதா" என்றார்.

அந்த வார்த்தையை நான் அவர் வாயிலிருந்து அதற்கு முன் கேட்டதில்லை. அவர் இன்னும் எதையோ யோசித்துக்கொண்டிருந்தார்.

"ஆனா இவளும் உன்னை மாதிரிதானட்டி கத்துதா. பிறகு எதுக்கு உன்னை மாத்தினாவ?"

எப்போதும் போலச் சத்தமாகத்தான் கேட்டார். அண்ணாச்சி டேப் ரெக்கார்டரின் மேல் வைத்த கையை எடுக்கவே இல்லை.